ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்க்கா

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். குடும்ப விஷயம். என் வீட்டுக்காரம்மா படித்துவிட்டு, "உங்க மானம் தானே போகுது, எழுதுங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டாள். அப்புறம் என்ன.

எங்களுக்குச் சொந்த ஊர் முதலூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். மஸ்கோத் அல்வா என்றால் சிலருக்கு ஞாபகம் வரும். தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுவார்களே, அதே அல்வா. அந்தப் பக்கம் முழுக்க செம்மண், பனை, ஊருக்கு ஒரு கோயில். எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். நான் அகமதாபாத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வங்கி வேலை. மணிநகரில் வீடு. ஞாயிறு சாயங்காலம் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் யாராவது ஒருத்தர் வீட்டில் இட்லி, இல்லாவிட்டால் கூடிப் பேச ஒரு டீ. வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அப்பா 2017 டிசம்பரில் காலமானார். பள்ளிக்கூடத்து சார்வாள். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன் உயில் எழுதி வைக்கவில்லை. ஊரில் ஒரு வீடு, 90 சென்ட் தென்னந்தோப்பு. வாரிசு மூன்று பேர்: அம்மா, அக்கா, நான்.

இது எனக்குத் தலைகீழாகத் தெரிந்த பாடம். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன் மகள் என்ற வித்தியாசம் கிடையாது. எங்கள் வீட்டுக் கணக்குப்படி ஆளுக்கு 30 சென்ட். மூன்றாம் வகுப்புப் பையன் போடுகிற வகுத்தல் கணக்கு.

2020 லாக்டவுனில் தூத்துக்குடியில் அத்தான் வைத்திருந்த மளிகைக் கடை படுத்துவிட்டது. அடுத்த வருஷம் அவர்கள் பெண்ணுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்தது. அக்கா போன் பண்ணினாள். சுற்றி வளைத்து ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "தம்பி, அந்தத் தோப்புல எனக்கு உள்ளதைப் பிரிச்சுத் தந்தியன்னா, வித்து இவ ஃபீஸைக் கட்டிருவேன்" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரிக்கா, லீவு போட்டுட்டு வாரேன்." அவ்வளவுதான். நான் சொன்னது:

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்க்கா."

அவளும் விசுவாசி. அந்த வார்த்தைக்கு மேல் அவளால் ஒன்றும் பேச முடியாது. "சரி தம்பி, நானும் ஜெபிக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஜெபம் பண்ணினேன், தினமும், முழங்கால் போட்டு. 'ஆண்டவரே, இதில் உம்முடைய சித்தம் என்ன, காட்டும்' என்று உருகினேன். ஆனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ரோடு அகலமாகி, தோப்பு விலை ஏறிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆனதும் 90 சென்டும் முழுசாக இருந்தால் நடுவில் ஒரு வீடு, சுற்றி மரம், கிணற்றடியில் ஒரு திண்ணை என்று மனசுக்குள் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன். அந்தப் படத்தில் 30 சென்டை வெட்டினால் திண்ணை போய்விடும்! ஜெபத்தில் இதைப் பற்றி ஆண்டவரிடம் நான் வாயே திறக்கவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் படிப்பதால் ஒரு விளக்கம். புது வருஷம் பிறக்கிற ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்களுக்கு 'வாக்குத்தத்த அட்டை' தருவார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேத வசனம். எடுக்கிறவருக்கு அந்த வருஷத்துக்கான வசனம் அது. அட்டை பைபிளுக்குள் போகும், சில வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவுக்குப் போகும். இது நம்மூர்ச் சரக்கு மட்டும் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவிய சபையார் தினத்துக்கு ஒரு வசனம் என்று சீட்டுப்போட்டு எடுத்து, 1731 முதல் வருஷா வருஷம் புத்தகமாகவே போட்டு வருகிறார்கள். நல்ல பழக்கம். நான் குறை சொல்ல வரவில்லை. என் மாமியார் எடுக்கிற அட்டை எல்லாம் அவர்களுக்கு ஆறுதலாகத்தான் அமையும்.

2022 புது வருஷத்துக்கு எனக்கு வந்தது ஏசாயா 54-ஆம் அதிகாரம். கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கச் சொல்கிற வசனம். விசாலமாக்கு! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆண்டவர் தோப்பைப் பற்றித்தான் பேசுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பாபிலோனுக்குச் சிறையாகப் போன ஜனத்துக்குச் சொன்ன ஆறுதல் அது, என் 90 சென்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கின எனக்குத் தெரியாமல் இல்லை.

அது போதாதென்று சீட்டும் போட்டுப் பார்த்தேன். சாமி சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று? நாங்கள் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, ஜெபித்து எடுப்போம். எங்களுக்கும் ஆதாரம் இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்தது சீட்டுப்போட்டுத்தான், அப்போஸ்தலர் முதல் அதிகாரம். (இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவி இறங்கிய பிறகு அவர்கள் சீட்டுப்போட்டதாக வேதத்தில் எங்கேயும் இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.) நான் மூன்று சீட்டு எழுதினேன். 'கொடு'. 'பொறு'. 'இப்போது வேண்டாம்'.

வந்தது 'பொறு'. நன்றி செலுத்திவிட்டுத் தூங்கப் போனேன்.

பி.காம். படித்தவன், இருபது வருஷமாக வட்டிக் கணக்குப் பார்க்கிறவன். மூன்று சீட்டில் இரண்டு என் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பல நாள் கழித்து ஜான் வெஸ்லியின் வாழ்க்கையைப் படிக்கும்போது சிரிப்பு வந்தது. 1737-இல் ஜார்ஜியாவில் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணுவதா என்று குழம்பி அவரும் மூன்று சீட்டு எழுதினார். பண்ணு, இந்த வருஷம் நினைக்காதே, இனிமேல் நினைக்கவே நினைக்காதே. அங்கேயும் மூன்றில் இரண்டு 'வேண்டாம்'. வந்தது மூன்றாவது. அவராவது பாவம், தன் கல்யாணத்துக்குப் போட்டார். நான் அடுத்தவள் சொத்துக்குப் போட்டேன்.

இப்படியே 2022 போயிற்று, 2023 போயிற்று. அந்த ஜூலையில் தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் நடக்கிற பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை உச்சவரம்பை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள், பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ஆனது. நான் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். அக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். அதையும் நான் நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டேன். 'அவளுக்கே ஆண்டவர் சமாதானம் கொடுத்துவிட்டார் போல' என்று!

எங்கள் வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. சர்க்குலர் தெளிவாக இருக்கும். இன்ன பேப்பர் இருந்தால் இன்னதைச் செய் என்று கறுப்பு வெள்ளையில் போட்டிருக்கும். ஆனால் செய்ய மனசு இருக்காது, பயமோ சோம்பலோ. அப்போது என்ன செய்வோம் தெரியுமா? மேலிடத்துக்கு 'தெளிவுரை கோரி' ஒரு கடிதம் போடுவோம். பதில் வர ஒரு மாதம். வந்ததும் அதில் இன்னொரு சந்தேகம் கிளப்பி இன்னொரு கடிதம். ஃபைல் நகர்ந்துகொண்டே இருக்கும், வேலை நடக்காது. கஸ்டமர் கேட்டால் 'மேல எழுதியிருக்கோம்' என்று பவ்யமாகச் சொல்லலாம். யாரும் குறை சொல்ல முடியாது. கீழே வேலை பார்க்கிற பையன்கள் இப்படிச் செய்தால் நான் கூப்பிட்டுச் சத்தம் போடுவேன், "சர்க்குலரைப் படிச்சியா இல்லையா?" என்று.

2024 கோடையில் கிளையில் ஒரு இறப்புக் கோரிக்கை வந்தது. ஜவுளிக் கடைக்காரர், ஐம்பது வயசு இருக்கும். அவர் அப்பா பெயரில் டெபாசிட், நாமினேஷன் இல்லை. அந்த மாதிரி இடத்தில் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு வேண்டாம் என்கிறவர் தானே அதை எழுதிக் கொடுக்க வேண்டும். இவருக்கு ஒரு தங்கை, சூரத்தில் கட்டிக் கொடுத்தது. மனுஷன் தங்கை பெயரை விட்டுவிட்டு ஃபாரம் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். "சாகேப், அவள் கேட்க மாட்டாள்" என்றார் இந்தியில். நான் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு (இந்த மாதிரி சமயத்தில் நான் அப்படிச் செய்வதாக என் மகன் கேலி பண்ணுவான்) சொன்னேன்: "கேட்காவிட்டாலும் அவர் வாரிசு. கையெழுத்து இல்லாமல் இந்த ஃபைல் நகராது."

அப்போதே எனக்கு உறைத்தது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம். நடத்தியவர் ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். பிரசங்கிக்கிறவர் இல்லை, வாசித்துவிட்டு நடுநடுவே இரண்டு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அன்றைக்கு எரேமியா 42. எருசலேம் விழுந்துவிட்டது. பாபிலோன் ராஜா வைத்த அதிகாரி கெதலியாவையும் கொன்றுவிட்டார்கள். மிஞ்சின ஜனங்கள் பயந்து நடுங்குகிறார்கள். கரேயாவின் மகன் யோகனான் தலைமையில் சிறியவர் பெரியவர் எல்லோருமாக எரேமியாவிடம் வந்து, 'எங்களுக்காக விசாரித்துச் சொல்லும், நன்மையோ தீமையோ, கர்த்தர் என்ன சொன்னாலும் கேட்கிறோம்' என்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். கேட்டதும் 'நீர் பொய் சொல்லுகிறீர்' என்று எரேமியாவையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள்.

பெரியவர் ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். "41-ஆம் அதிகாரம் கடைசியைப் பாருங்க. கேக்க வாரதுக்கு முந்தியே பெத்லகேம் பக்கத்துல வந்து தங்கியிருக்காங்க, எகிப்துக்குப் போகணும்னு. மூட்டையைக் கட்டி வச்சிட்டுத்தான் ஜெபத்துக்கு வந்திருக்காங்க."

மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு. எனக்கு ஏசி அறையில் வேர்த்தது. அந்த நிமிஷம் ஜவுளிக் கடைக்காரர் முகம் வேறு வந்து நின்றது.

ராத்திரி தூக்கம் வராமல் பைபிளை எடுத்துவைத்துக்கொண்டு, அடையாளம் தேடாமல், தோப்பு விஷயத்தில் ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். எண்ணாகமம் 27, செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள். அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, எங்களுக்குப் பங்கு கொடும் என்று மோசேக்கு முன்னால் வந்து நின்றவர்கள். மோசேக்கு விடை தெரியவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது. உண்மையாகவே தெரியாத இடத்தில் ஒருவர் கேட்டார், பதில் வாங்கி எழுதியும் வைத்துவிட்டார். உடனே என் குறுக்குப் புத்தி, 'அது ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்குத்தானே, இங்கே நான் இருக்கிறேனே' என்றது. சரி என்று யோபுவைப் பார்த்தால், கடைசி அதிகாரத்தில் அந்த மனுஷன் தன் மூன்று பெண்களுக்கும் அவர்கள் சகோதரர் நடுவிலேயே பங்கு கொடுத்திருக்கிறார். ஏழு ஆண் பிள்ளைகள் இருந்த வீடு அது.

'பாகம் பிரிக்கிறதற்கு என்னை வைத்தவன் யார்' என்ற பொருளில் லூக்கா 12-இல் இயேசு மறுத்துவிட்டாரே என்று முன்பெல்லாம் எனக்குச் சாதகமாக நினைத்திருக்கிறேன். அடுத்த வசனத்தில் பொருளாசையைக் குறித்து எச்சரித்துவிட்டுத்தான் அவர் மேலே போகிறார்.

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம். ஒருத்தருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க உன்னிடம் திராணி இருக்கும்போது கொடுக்காமல் இருக்காதே, கையில் வைத்துக்கொண்டே 'போய்ட்டு நாளைக்கு வா' என்று சொல்லாதே என்று இருக்கிறது. சின்ன வயசில் மனப்பாடப் போட்டிக்கு ஒப்பித்த அதிகாரம் ஐயா அது! இதற்கு மேல் கர்த்தர் எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷமாக முழங்காலில் நின்றேன்?

கிதியோனின் தோலை எல்லோரும் உதாரணம் காட்டுவோம். ஒரு நாள் தோல் நனைய வேண்டும், மறுநாள் தரை நனைய வேண்டும் என்று கேட்டாரே, அந்தக் கதை. அவர் கேட்கும்போதே 'நீர் ஏற்கெனவே சொன்னபடி' என்று தன் வாயாலேயே ஒத்துக்கொள்கிறார், போய்ப் பாருங்கள். பிலேயாம் அதைவிட மோசம். போகாதே என்று முதல் ராத்திரியே தெளிவாகச் சொல்லியாயிற்று. அடுத்த கூட்டம் இன்னும் பெரிய வெகுமதியோடு வந்ததும், 'இந்த ராத்திரியும் தங்குங்கள், கர்த்தர் இன்னும் என்ன சொல்கிறார் பார்க்கிறேன்' என்கிறார். தெளிவுரை கோரி இரண்டாவது கடிதம்!

வழிநடத்துதல் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த அகமதாபாத் மாற்றல் வந்தபோது போவதா, ப்ரமோஷனை வேண்டாம் என்பதா என்று நானும் என் மனைவியும் ஜெபித்தோம். எந்த ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் எழுதியில்லை. பவுலுக்கே அப்போஸ்தலர் 16-இல் ஆசியாவில் வசனம் சொல்ல ஆவியானவர் தடை போடுகிறார், பித்தினியாவுக்குப் போக விடவில்லை, துரோவாவில் ராத்திரி தரிசனத்தில் மக்கெதோனியாக்காரன் வந்து நிற்கிறான். ஆனால் எந்த ஊருக்குப் போவது என்பதுதான் அங்கே கேள்வி. பிரசங்கிப்பதா வேண்டாமா என்று பவுல் சீட்டுப்போடவில்லை. அகஸ்டின் கதையும் இப்படித்தான். 386-இல் மிலான் தோட்டத்தில் எடுத்து வாசி என்கிற குழந்தைக் குரல் கேட்டு அவர் புத்தகத்தைத் திறந்தார் என்று சிலாகித்துச் சொல்வோம். திறந்ததும் கண்ணில் பட்டது ரோமர் 13. வருங்காலம் பற்றி ஒன்றும் இல்லை. வெறியையும் காமத்தையும் சண்டையையும் விட்டுவிடு என்கிற, எல்லோருக்கும் பொதுவான பழைய கட்டளை.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எய்யா, கர்த்தர் உனக்குப் பதில் சொல்லலன்னு சொன்ன. சரி. ஒங்க அக்காவுக்கு நீ என்ன பதில் சொன்ன?" என்றாள். நான் திக்கினேன். அப்போதுதான் அந்தச் செய்தியும் வந்தது. பெண்ணின் ஃபீஸுக்காக அக்கா 2022-லேயே நகையை ஒரு ஃபைனான்ஸில் அடகு வைத்திருக்கிறாள். வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் போய்விட்டது. அப்பா போட்ட எட்டுப் பவுன். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றாள் அம்மா.

நகைக்கடன் வட்டி என்ன, ஏல நோட்டீஸ் எப்படிப் போகும், எத்தனை நாள் தவணை எல்லாம் தினமும் என் கை வழியாகப் போகிற விஷயம்.

2024 டிசம்பரில், வாரம் ஒருநாள் ஓடும் காந்திதாம் – திருநெல்வேலி ரயிலில் போய் இறங்கினேன். சார்பதிவாளர் ஆபீஸில் கூட்டம். டோக்கன் வாங்கி, போட்டோ எடுத்து, கைரேகை வைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. 30, 30, 30. வீட்டை அம்மா இருக்கும்வரை அப்படியே விட்டிருக்கிறோம். அக்கா எல்லோருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒற்றைக் கவரிங் வளையல். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, சாப்பிடு" என்றாள். மன்னித்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் வாரம் ஒரு முறை போன் பண்ணுவாள். இப்போது நான் பண்ணினால் நன்றாகப் பேசுகிறாள்.

திரும்பி வரும்போது ரயிலில் ஒரு கணக்குப் போட்டேன். தோப்பை வருஷம் 36,000-க்குக் குத்தகை விட்டிருந்தோம். அப்பா போனதிலிருந்து ஏழு வருஷம். அம்மா பங்கு அம்மாவின் மருந்துக்கே போயிற்று. அக்காவின் பங்கு வருஷம் 12,000 என்று 84,000 ரூபாய், என் கணக்கில்தான் வந்து விழுந்துகொண்டிருந்தது, நானும் எடுத்துச் செலவு பண்ணியிருக்கிறேன். வட்டி சேர்த்து ஒரு லட்சமாக எடுத்து வைத்தேன். எட்டுப் பவுனுக்கு என்ன செய்வது என்று மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறோம். சகேயு நாலத்தனையாகக் கொடுத்தானே என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். நாலத்தனைக்கு எனக்கு வக்கில்லை. இன்றைய விலையில் எட்டுப் பவுனே மலைப்பாக இருக்கிறது. இரண்டு வருஷத்தில் வாங்கிவிடலாம் என்று ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட்டிருக்கிறோம்.

ஒரு லட்சத்தை அனுப்பிவிட்டு அக்காவுக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"வந்துட்டு."